கியர்பாக்ஸை இறக்கும் முன்: பழைய வண்டியின் கிளட்ச் கோளாறில் எந்தச் சோதனையை நம்பலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பழைய மேனுவல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு கிளட்ச் செலவு புதிதல்ல. தெருவெல்லாம் ஏற்றமும் இறக்கமும். ரோபோட் சிக்னலில் மேட்டிலே நிறுத்தி, மேட்டிலேயே எடுக்க வேண்டும். 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேக்கில் செய்த ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் இன்றும் எத்தனையோ வீட்டு வாசலில் நிற்கிறது. இந்த வண்டிகளை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் முதல் பதிலே, “கியர்பாக்ஸை இறக்கணும், கிட் மாத்தணும்” என்பதுதான். கிட் என்றால் கிளட்ச் பிளேட், அழுத்துத் தகடு, ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த தொகுப்பு. அதற்குச் சம்மதிக்கும் முன் நாமே சோதிக்கக்கூடியவை நிறைய உண்டு. அவற்றில் எது உண்மையைச் சொல்லும், எது ஏமாற்றும் என்று பார்ப்போம்.

முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரிக்க வேண்டும். இன்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் வழுக்குவது ஒன்று. பெடலை மிதித்தும் முழுசாக விடாமல் இழுப்பது இன்னொன்று. வழுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி ஓடாது. இழுத்தால் கியர் விழாது, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று அரைக்கும். இரண்டும் நேர் எதிரான கோளாறுகள், வைத்தியமும் வேறு. இதைப் பிரிக்காமல் பேசும் மெக்கானிக்கிடம் வண்டியை விடக் கூடாது.

வழுக்கலைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று ஹேண்ட்பிரேக் சோதனை: நின்ற இடத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியர் போட்டு, கிளட்சை விடுவது. இன்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் நல்லது என்பார்கள். நான் இதை நம்புவதில்லை. ஐட்லிங்கில் இன்ஜின் தரும் விசை மிகக் குறைவு, பாதி தேய்ந்த கிளட்ச்கூட அதைத் தாங்கிவிடும். பழைய வண்டியில் ஹேண்ட்பிரேக்கும் பலவீனமாக இருந்தால் வண்டி முன்னே பாயும். வண்டி நகராமல், இன்ஜினும் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் வழுக்குவது உறுதி. அணைந்தது என்பதால் மட்டும் கிளட்ச் நல்லது என்று சொல்ல முடியாது.

ரோட்டுச் சோதனை இதைவிடப் பல மடங்கு மேல். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ட்ராஃபிக் இல்லாத ஏற்றத்தில், நான்காம் கியரில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்க வேண்டும். பைன்டவுனிலிருந்து க்ளூஃபுக்கு ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில் போன்ற ஏற்றம் இதற்குத் தோது. வேகம் ஏறாமல் இன்ஜின் சத்தம் மட்டும் குபீரென்று ஏறினால் வழுக்குகிறது. ஆரம்பநிலை வழுக்கல்கூட இதில் தெரிந்துவிடும். எரிந்த நாற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அது வருவதற்குள் பிளேட் அழுந்தும் இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீலும் கெட்டிருக்கும்.

ஜோஹானஸ்பர்கில் மலிவாக வண்டி வாங்கி டர்பனுக்கு ஓட்டி வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜோஹானஸ்பர்க் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,750 மீட்டர் மேலே. அங்கே காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் தன் சக்தியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழக்கிறது. அங்கே தாக்குப்பிடித்த கிளட்ச், டர்பனில் முழுச் சக்தி கிடைத்ததும் வழுக்கத் தொடங்கலாம். விற்றவர் பொய் சொன்னார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

வழுக்கினாலும் கிளட்ச் பிளேட் தேய்ந்துதான் போயிருக்க வேண்டும் என்பதில்லை. பெடல் கம்பிக் கேபிளால் கிளட்சை இயக்கும் வண்டியில் பிளேட் தேயத் தேய பெடலின் ஃப்ரீ பிளே, அதாவது கிளட்சைத் தொடும் முன் பெடல் சும்மா நகரும் தூரம், குறைந்துகொண்டே வரும். யாரும் சரிசெய்யாமல் விட்டால், மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்க வேண்டிய ரிலீஸ் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், நல்ல பிளேட்டும் வழுக்கும். கையால் சரிசெய்யும் கேபிளில் பொதுவாக 15 முதல் 25 மி.மீ. வரை ஃப்ரீ பிளே இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் சரியான அளவு மேனுவலில் இருக்கும். ஸ்பேனரால் முடிகிற வேலை இது. கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வண்டியில் தேய்மானத்தை அதுவே ஈடுகட்டிக்கொள்ளும். அதனால் பெடல் எந்த உயரத்தில் பிடிக்கிறது என்பதை வைத்து அங்கே தேய்மானத்தைக் கணிக்க முடியாது.

இனி கியர் விழாத கதை. ஒர்க்‌ஷாப்பில் ஏமாறுவது அதிகம் இங்கேதான். முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் கடினமாக இருந்தால் கோளாறு கியர் லிங்கேஜிலோ கியர்பாக்ஸிலோ இருக்கிறது, கிளட்சை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு கியர் மட்டும், உதாரணமாக இரண்டாவது மட்டும், அரைத்தால் கோளாறு, அந்த கியரின் வேகத்தைச் சமன்செய்யும் சின்க்ரோ வளையத்தில். இன்ஜின் ஓடும்போது மட்டும் எல்லா கியரும் முரண்டு பிடித்தால் கிளட்ச் இழுக்கிறது. உறுதிப்படுத்த ஐட்லிங்கில் பெடலை முழுசாக மிதித்து, 5 வினாடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் அரைத்தால் கியர்பாக்ஸின் உள்ளே தண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, கிளட்ச் விடவில்லை.

அடுத்தது கேபிளா, ஹைட்ராலிக்கா? ஹைட்ராலிக் என்றால் பெடலை நாலைந்து முறை வேகமாக அடித்து மிதிக்க வேண்டும். உடனே கியர் சுலபமாக விழுந்தால் லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டர் இரண்டில் ஒன்று போய்விட்டது. பெடலுக்கு மேலே ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்புறத்துக்கும் இடையிலுள்ள தடுப்பில்) ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஸ்லேவ் சிலிண்டர் கசிந்தால், அதன் ரப்பர் உறையை லேசாக விலக்கும்போது பிரேக் ஆயில் சொட்டும். இரண்டையும் கியர்பாக்ஸைத் தொடாமலே மாற்றக்கூடிய வண்டிகள்தான் பழைய வண்டிகளில் அதிகம்.

கேபிள் வண்டிக்கு இரண்டு பேர் வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அண்ணனின் கோல்ஃபுக்கு கிட் மாற்றச் சொல்லிவிட்டார்கள். அவரை உள்ளே உட்காரவைத்து, “மெதுவா மிதிங்கண்ணா” என்று சொல்லிவிட்டு பானெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். கியர்பாக்ஸ் பக்கம் லீவர் நகர்வதற்கு முன்பே, கேபிள் உறை முட்டி நிற்கும் தகடு வளைந்துகொண்டிருந்தது. கேபிள் நுனியில் கம்பி இழைகள் பிரிந்து துருவேறி நின்றன. டர்பன் உப்புக்காற்றுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. தகட்டுக்கு வெல்டிங், புதுக் கேபிள், வேலை முடிந்தது.

சத்தத்துக்கு வந்தால் விதி எளிது. பெடலை மிதிக்கும்போது சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது இரைந்து, மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸின் இன்புட் பேரிங் (இன்ஜின் விசை நுழையும் தண்டின் பேரிங்). ரிலீஸ் பேரிங் போனாலும் பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். ஆனால் 020 என்ற மாடல் கியர்பாக்ஸ் உள்ள கோல்ஃப் 1 (சிட்டி கோல்ஃபின் மூல மாடல்) வகையில் அந்த பேரிங் கியர்பாக்ஸின் வெளி நுனியில், இடது சக்கரத்தின் பக்கம் மூடிக்குள் இருக்கிறது. தள்ளுகம்பி ஒன்று தண்டுக்குள்ளே ஓடி கிளட்சை எட்டுகிறது. அதை மாற்ற கியர்பாக்ஸ் கீழே வர வேண்டியதே இல்லை.

எடுக்கும்போது வண்டி உதறினால் முதலில் இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால்தான் பிளேட்டில் ஆயில் பட்டிருக்குமோ என்று யோசிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பிளேட்தான் போய்விட்டது என்றால், பிளேட் மட்டுமா, முழு கிட்டா? தயங்காமல் முழு கிட். செலவில் பெரும்பங்கு கூலி. பழைய ரிலீஸ் பேரிங்கை விட்டுவைத்து அது ஆறு மாதத்தில் கத்தினால் அதே கூலியை மறுபடியும் கொடுக்க வேண்டும். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது இன்ஜினின் கிராங்க் தண்டின் பின்பக்கச் சீலில் (ஆயிலைத் தடுக்கும் வளையத்தில்) ஆயில் கசிகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள், கசிந்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள். 020 பெட்டியில் தள்ளுகம்பியின் சீலையும் சேர்த்து. ஃப்ளைவீலில் நீலத் திட்டோ வெடிப்புக் கோடோ இருந்தால் புதுப் பிளேட்டை அதன் மேல் வைக்க விடாதீர்கள்.