12 லட்சத்து 40 ஆயிரம் கியாத் போய்விட்டது, படம் வரைகிறவர்கள் தயவுசெய்து படித்துவிடுங்கள்

மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. கை இன்னும் நடுங்குகிறது, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாங்கோனில் பதினாறு வருடமாக அட்டைப்படம், திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, காலண்டர் என்று வரைந்து பிழைக்கிறவள் நான். என்னிடமிருந்து 12 லட்சத்து 40 ஆயிரம் கியாத்தை ஓர் இணையத்தளம் ஏமாற்றி வாங்கிவிட்டது, பணத்தோடு என் படங்களும் போய்விட்டன. பெயர் போட்டால் இந்தப் பதிவையே எடுக்க வைத்துவிடுவார்கள் என்று தோழி பயப்படுகிறாள், அதனால் போடவில்லை. ஆனால் வகையைச் சொல்கிறேன். 'நீங்கள் வரைந்து, யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் வேலைகளைத் தொகுத்து அழகான புத்தகமாக அச்சிட்டு வெளிநாடுகளில் விற்றுத் தருகிறோம்' என்று சொல்கிற தளம். தமிழிலேயே பேசுவார்கள். அதுதான் முதல் வலை.

வரைகிற எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும். காசு கொடுத்து வரையச் சொன்னவரே வேண்டாம் என்று திருப்பிய படங்கள், யாரும் கேட்காமல் நாமே ஆசைப்பட்டு ஆரம்பித்தவை, பாதியில் நின்றவை. என் பெட்டியில் மூன்று பெரிய கட்டுகள் இருந்தன. ஒன்று, பீலிக்கான் கோயில் தீமிதி மலருக்காக வரைந்த அட்டை. கடைசி நேரத்தில் புகைப்படமே போதும் என்று சொல்லிவிட்டார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை, நல்ல மனிதர்கள், கூலியைக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, மியான்மரின் பழைய தலைநகரான பகானைப் பற்றிய காலண்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். பகானில் மையின்கபா பக்கம் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, நம்மில் பலருக்கே தெரியாது. மலைமண்டலத்து, அதாவது கேரளப் பக்கத்து, மகோதயர்பட்டினத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்ற ஒருவர், புக்கம் என்கிற அரிவத்தனபுரத்தில் இருந்த நானாதேசி விண்ணகர் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, எரிவதற்கு விளக்கும் வைத்ததாக அதில் எழுதியிருக்கிறது. புக்கம்தான் பகான். கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிடும் எபிகிராபியா இண்டிகாவின் 7ஆம் தொகுதியில் அந்தக் கல்வெட்டைப் படித்த நாளிலிருந்து அந்த விளக்கு என் மனசை விட்டுப் போகவில்லை. கடல் தாண்டி வந்த ஒருவர், ஊர் பேர் தெரியாத இடத்தில், ஒரு கதவும் ஒரு விளக்கும். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு தாள், ஒவ்வொன்றிலும் அதே விளக்கு வெவ்வேறு வெளிச்சத்தில், எழுத்துகளை அந்தக் காலத்து வளைவிலேயே போட்டேன். எனக்கு வேலை கொடுத்த மளிகைக் கடைக்காரர் பார்த்துவிட்டு, 'லட்சுமி படம் இல்லையாம்மா?' என்று கேட்டார். அதோடு அது பெட்டிக்குள் போய்விட்டது.

மூன்றாவது எழுத்துப் புத்தகம். நம் குழந்தைகள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் 'அ' என்றால் அணில் என்று படிக்கிறார்கள். நான் 'அ' என்றால் அத்தோ என்று வரைந்தேன், நம் ஊர் நூடுல்ஸ். 'ம' என்றால் மொகிங்கா, மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். 'த' என்றால் தனாக்கா, முகத்தில் பூசிக்கொள்ளத் தேய்க்கிற மரப்பட்டை. நம் வீட்டில், நம் தெருவில் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் எழுத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. 'இந்தியாவிலிருந்து வரும் புத்தகம் மாதிரியே இருந்தால்தான் பெற்றோருக்கு நம்பிக்கை வரும்' என்றார்கள் வகுப்பு நடத்துகிறவர்கள், அதுவும் நின்றுவிட்டது. 'த' தாளில் என் அண்ணன் மகளை வரைந்திருந்தேன். வட்டக் கல்லில் தனாக்காக் கட்டையைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கிறாள், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு பல்லி. என் எல்லாப் படத்திலும் எங்கேயாவது ஒரு பல்லி இருக்கும், அதன் வயிற்றுக்குக் கீழேதான் என் கையெழுத்தைப் போடுவேன். இந்தப் பல்லியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். அந்தத் தளத்தில் சேர ஒரு படிவம் நிரப்பவேண்டும். அதில் 'உங்களைப் பாதித்த ஓவியர்கள் யார்?' என்று ஒரு கேள்வி. நான் பக்கம் பக்கமாக எழுதினேன். எங்கள் தாத்தா பன்சோடான் தெருப் பழைய புத்தகக் கடையில் எடை போட்டு வாங்கிய விகடன் கட்டுகளைப் பார்த்துத்தான் நான் வரையவே கற்றேன். கோபுலு அய்யா (1924–2015) தஞ்சாவூர்க்காரர், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். அவருடைய வசனமே இல்லாத நகைச்சுவைப் படங்களை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயசிலேயே பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஒரே கோட்டில் ஒரு தோள், அந்தத் தோளிலேயே அந்த ஆள் யார் என்று தெரிந்துவிடும். அப்புறம் சில்பி. சிலைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, கல்லின் மூளி வரைக்கும் விடாமல் வரைந்தவர். அப்புறம் மையின்கபாவில் அரக்குக் கிண்ணங்களில் இரும்பு ஊசியால் கீறுகிற பெண்கள். அவர்கள் முன்னோட்டம் வரைந்து வைத்துக்கொள்வதில்லை, கண்ணுக்கு முன்னால் நேரடியாகக் கீறுகிறார்கள். கை பிசகினால் அழிக்க முடியாது. கீறிய பள்ளத்தில் நிறத்தைத் தேய்த்து, காயவைத்து, துடைத்து, அடுத்த நிறத்துக்கு மறுபடியும் கீறவேண்டும். நான் அங்கே நான்கு நாள் ஒரு முற்றத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கோட்டில் கோபுலுவும் அந்த ஊசியும் சேர்ந்துதான் இருக்கின்றன. இதையெல்லாம் அந்தப் படிவத்தில் எழுதினேன். எழுதியதை மறந்தும்விட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு தம்பி போன் செய்தான். நல்ல தமிழ், மரியாதையான குரல். 'அக்கா, உங்கள் படங்களைப் பார்த்தேன். உங்கள் கோட்டில் கோபுலு சார் இருக்கிறார், ஆனால் அந்த வளைவு அவருடையது இல்லையே, பகான் அரக்கு வேலை மாதிரி இருக்கிறது' என்றான். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பதினாறு வருடத்தில் ஒருத்தர்கூட அதைச் சொன்னதில்லை. 'நிறத்தைக் கொஞ்சம் கூட்டும்மா', 'முகத்தை வெளுப்பாக்கும்மா' என்றுதான் கேட்டிருக்கிறேன். என் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிஷத்திலேயே நான் ஏமாந்துவிட்டேன், பணம் கொடுத்தது அதற்கு அப்புறம்தான். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நான் படிவத்தில் எழுதியது என்பது எனக்கு நேற்று ராத்திரிதான் உறைத்தது. என் படத்தை அவன் பார்க்கவே இல்லை, நான் எழுதியதைத்தான் எனக்கே வாசித்துக் காட்டியிருக்கிறான்.

முதலில் பதிவுக் கட்டணம் 90 ஆயிரம். சரி என்று கட்டினேன். அப்புறம் நிறம் திருத்தி அச்சுக்குத் தயார் செய்ய 3 லட்சத்து 50 ஆயிரம். மூன்று கட்டுகளையும் பெரிய அளவில் ஸ்கேன் செய்து, ஒன்று விடாமல், பக்கத்துக் கடையில் ஜெனரேட்டர் ஓடும் நேரமாகப் பார்த்துப் போய் அனுப்பினேன். கடைசியாக அச்சு முன்பணம் 8 லட்சம், 'தாள் விலை திங்கட்கிழமை ஏறுகிறது அக்கா, இன்றைக்கே போட்டுவிட்டால் நல்லது' என்றான். புது வரைபலகை வாங்க வைத்திருந்த பணமும் அம்மா சீட்டு எடுத்த பணமும் அதில் இருக்கின்றன. மொத்தம் 12 லட்சத்து 40 ஆயிரம் கியாத். ஓர் அட்டைக்கு நான் வாங்குவது 60 ஆயிரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், இருபது அட்டைக்கு மேல், அதுவும் ஒரு வேளை சோறுகூடச் சாப்பிடாமல் வரைந்தால்.

பணம் போன மறுநாளிலிருந்தே குரல் மாறியது. 'எடிட்டோரியல் டீம் பார்க்கிறது அக்கா.' ஒரு வாரம். 'அச்சகத்தில் கரண்ட் இல்லை அக்கா, உங்களுக்குத் தெரியாததா.' இரண்டு வாரம். 'தண்ணீர்த் திருவிழா லீவு.' அப்புறம் அந்தத் தம்பி வேலையை விட்டுவிட்டானாம், வேறொருவர் வந்தார். அவர் என்னை 'மேடம்' என்று கூப்பிட்டார், என் கோப்பே தம்மிடம் இல்லை என்றார். பணம் கட்டியதற்கான ஸ்கிரீன்ஷாட்களை அனுப்பினேன். 'இது எங்கள் கணக்கு இல்லை மேடம், தனிநபர் கணக்கு, நீங்கள் கவனித்திருக்க வேண்டும்' என்றார். உங்கள் ஆள் கொடுத்த எண்தானே என்றேன். பதில் இல்லை. மறுநாள் மறுபடி கேட்டேன், 'ஒப்பந்தத்தில் முன்பணம் திரும்பாது என்று இருக்கிறது' என்றார். கணக்கு அவர்களுடையது இல்லை என்றால் முன்பணம் எங்கிருந்து வந்தது? இதைக் கேட்டதும் என்னைத் தடுத்துவிட்டார்கள்.

அதோடு போயிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். மூன்று நாளைக்கு முன்னால் மோல்மீனிலிருந்து தோழி ஒரு படம் அனுப்பினாள், 'இது உன் கை மாதிரி இருக்கிறதே?' என்று. ஒரு கடையில் தொங்குகிற துணிப்பை. பையில் என் அண்ணன் மகள், நாக்கைக் கடித்துக்கொண்டு தனாக்கா தேய்க்கிறாள். 'த' எழுத்தைக் காணோம், நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். கையெழுத்தை அழிக்கப்போய்ப் பல்லியையும் சேர்த்து அழித்திருக்கிறார்கள், ஆனால் வாலை விட்டுவிட்டார்கள். அவள் தலைக்கு மேலே, வெறும் சுவரில், ஒரு வால் மட்டும் வளைந்து நிற்கிறது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு இப்போது பதினொரு வயசு. 'அத்தை, என்னை எதுக்கு விக்கிறாங்க?' என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்ல முடியும்?

விவரமாக யோசனை சொல்லவேண்டும் என்றுதான் இந்தப் பதிவையே ஆரம்பித்தேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்குச் சில மட்டும். பெரிய அளவுக் கோப்பை எழுத்தில் ஒப்பந்தம் வருவதற்கு முன் யாருக்கும் அனுப்பாதீர்கள், சின்ன அளவில், குறுக்கே பெயர் போட்டு அனுப்புங்கள். புத்தகம் போடுகிறவர் உங்களுக்குத்தான் காசு தரவேண்டும், உங்களிடம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு ஓர் ஆளின் சொந்தப் பெயரில் உள்ள கணக்கு எண்ணைக் கொடுத்தால் ஒரு கியாத்கூடப் போடாதீர்கள். போனில் உங்கள் கோட்டைப் புகழ்ந்தால், எந்தப் படத்தில், எந்த இடத்தில் என்று கேளுங்கள். நான் அதைக் கேட்டிருந்தால் 12 லட்சத்து 40 ஆயிரம் என் கையில் இருந்திருக்கும்.

வேறு யாருக்காவது இப்படி ஒரு தம்பி போன் செய்திருந்தால், அவன் கொடுத்த கணக்கு எண், தேதி, பேசிய பதிவு எது இருந்தாலும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மோல்மீன், பாகோ, டவுங்கு பக்கம் இருப்பவர்கள் கடைகளில் அந்தப் பையைப் பார்த்தால் படம் எடுத்து அனுப்புங்கள், வாங்க வேண்டாம். வலது பக்கம் மேலே வால் இருக்கிறதா என்று பாருங்கள்.