பழைய பைதான்லயே இருக்கிறதா, ஒரே ராத்திரில மாத்துறதா, ரெண்டுலயும் ஓட வைக்கிறதா? சேஜ்மேத் கணக்கு ஃபைல் வச்சிருக்கிறவங்களுக்கு

"சார், உங்க கணக்கு ஓடமாட்டேங்குது"ன்னு ராத்திரி 9 மணிக்கு மெசேஜ் வந்துச்சு. அனுப்புனது படிவம் 6 படிக்கிற பொண்ணு, எஸ்டேட்டு உள்ள வீடு, கம்ப்யூட்டர் கிடையாது, கையில போன் மட்டும்தான். நான் குடுத்த ஒர்க்‌ஷீட்ல இருந்த நாலு வரிய அப்படியே சேஜ்மேத்செல்ல, அதாவது சேஜ்மேத்ங்கிற கணக்கு மென்பொருள பிரவுசர்லயே ஓட்டுற வெப்சைட்டுல, ஒட்டிப் பாத்திருக்கு, செவப்பு எழுத்துல சின்டாக்ஸ் எரர். காரணம் ரொம்பச் சின்னது. அந்த ஒர்க்‌ஷீட் நான் 2012ல எழுதுனது, அப்ப பிரிண்ட்னு போட்டு ஒரு இடம் விட்டு எழுதுனாலே ஓடும், இப்ப பிரிண்ட் ஒரு ஃபங்ஷன், அடைப்புக்குறி இல்லாம ஓடாது. அந்தப் புள்ள தன் தப்புன்னு நெனச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பித் தட்டிப் பாத்திருக்கு, அதான் எனக்கு மனசு கேக்கல.

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல கடைவீட்டு மாடில ஒரு ரூம்புல கூடுதல் கணிதமும், படிவம் 6 புள்ளைங்க எழுதுற எஸ்டிபிஎம் பரீட்சைக்குக் கணிதமும் சொல்லிக் குடுக்கிறேன். பத்து வருசத்துக்கு மேல சேர்ந்த நோட்புக், அதாவது சேஜ்ல கணக்கு அடிச்சு அங்கயே விடை பாக்குற பக்கம், நூத்துச் சொச்சம், அதுக்குப் பின்னாடி நானே எழுதுன பைதான் ஃபைல் 38. எல்லாம் பைதான்ங்கிற புரோகிராம் மொழியோட பழைய பதிப்பு பைதான் 2 காலத்துது, இப்ப இருக்கிற பைதான் 3ல பல வரி அப்படியே ஓடாது. இத என்ன பண்றதுன்னு மூணு பேர் மூணு விதமா சொன்னோம், அந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து எனக்குப் புரிஞ்சத எழுதுறேன், என்னை மாதிரி பழைய சேஜ் ஃபைல் வச்சிருக்கிற வாத்தியாருங்க இன்னும் நெறைய பேர் இருப்பாங்க.

மொதல்ல கொஞ்சம் பின்கதை. சேஜ்மேத் 2005ல வில்லியம் ஸ்டைன் ஆரம்பிச்சது, மேக்ஸிமா, கேப், பாரி, சிங்குலர்னு தனித்தனியா இருந்த கணக்கு மென்பொருள எல்லாம் பைதான்ங்கிற ஒரே நூல்ல கோத்த மாலை. நூல மாத்தணும்னா மாலை முழுசையும் தொடணும்ல. பைதான் 3.0 வந்தது 2008 டிசம்பர். பைதான் 2.7க்கு மொதல்ல 2015 வரைக்கும்தான் ஆயுசுன்னாங்க, அப்புறம் 2020 வரைக்கும் நீட்டுனாங்க. கெடு முடிஞ்ச அதே 2020 ஜனவரி 1ம் தேதி சேஜ் 9.0 வந்துச்சு, அதுல பைதான் 3தான் வழக்கம். ஆனா 9.1 வரைக்கும் பைதான் 2லயும் கட்டி ஓட்ட முடிஞ்சது, 9.2லதான் பழசுக்குக் கதவ மூடுனாங்க. இத ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

எங்கூட பாடம் எடுக்கிற டீச்சர் சொன்னது, "ஓடுற மெஷின எதுக்கு சார் நோண்டணும், பழைய கம்ப்யூட்டர்ல 8.9 இருக்குல்ல, அதுலயே இருக்கட்டும்." இது சோம்பேறித்தனமான பேச்சு இல்ல. வேலை ஒண்ணுமே இல்ல, விடை மாறாது, பழைய சேமிப்பு ஃபைல் எல்லாம் அப்படியே திறக்கும். இன்டர்நெட்ட புடுங்கிட்டு ஒரு மூலைல வச்சுட்டா பாதுகாப்புப் பயமும் கம்மி. ஆனா அந்த மெஷின் என் ரூம்புலதானே இருக்கு, எஸ்டேட்டுல இருக்கிற புள்ள கையில இல்லையே? அவங்களுக்குக் கிடைக்கிறது எல்லாம் புதுசுதான். பழைய சேஜ் நோட்புக்கும் பைதான் 3க்கு வரவே இல்ல, அதுக்குப் பதிலா ஜூப்பிட்டர்ங்கிற வேற நோட்புக்தான் இப்ப. சேஜ் பயன்படுத்துற பைதான் கணக்கு லைப்ரரிங்கள்ல சிம்பையும் 1.5ஓட பைதான் 2ஐ விட்டுருச்சு, நம்பை 1.16ஓட விட்டுருச்சு, அதுக்கப்புறம் அவங்க சரி பண்ண எந்தத் தப்பும் நம்ம மெஷினுக்கு வராது. அதனால இந்த வழி சாமான் வைக்கிற ஸ்டோருக்குச் சரி, வகுப்புக்குச் சரிவராது.

என்கிட்ட படிச்சுட்டு இப்ப யூனில இருக்கிற தம்பி சொன்னது வேற. "சார், பைதான் 2 புரோகிராம 3க்கு மாத்துற டூ-டு-த்ரீன்னு ஒரு டூல் இருக்கு, ஃபோல்டர் மேல ஓட்டுனா ஒரு ராத்திரில முடிஞ்சிரும்." ஓட்டியும் காட்டுனான், ஒரு தே தாரிக் ஆறுறதுக்குள்ள 38 ஃபைலும் மாறிருச்சு. பிரிண்ட்டுக்கு எல்லாம் அடைப்புக்குறி, புதுசுல பேர் மாறுன சொல்லும் மாறிருச்சு, எக்ஸ்ரேஞ்ச் எல்லாம் ரேஞ்ச், ஐட்டர்ஐட்டம்ஸ் எல்லாம் ஐட்டம்ஸ். பாக்க அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. ஆனா சேஜ் நோட்புக்ல இருந்து எடுத்த ஃபைலுங்க மேல ஓட்டுனா அது தடுமாறுது, ஏன்னா சேஜ்ல மட்டும் உள்ள எழுத்து, உதாரணத்துக்குப் பல்லுறுப்புக்கோவை வளையத்துக்கு மாறி பேர கோண அடைப்புக்குள்ள எழுதுறது, அது பைதானே கிடையாது, டூல் அத வாசிக்கவே முடியாது. இன்னொண்ணு, அந்த டூல் பைதான் 3.13ல இருந்தே எடுத்துட்டாங்க, புதுசா ஆரம்பிக்கிறவங்க பழைய பதிப்பத் தேடித்தான் எடுக்கணும்.

இதெல்லாம் சின்ன தொல்லை. பெரிய விஷயம் வகுத்தல். இங்க கொஞ்சம் நின்னு பாக்கணும்.

7/2ன்னு எழுதுங்க. சேஜ் நோட்புக்ல எழுதுனா விடை 7/2, அதாவது பின்னமாவே நிக்கும், ஏன்னா நீங்க அடிக்கிற எண்ண சேஜ் முன்னாடியே பிடிச்சு தன்னோட முழு எண்ணா மாத்திக்கும், அது பைதான் 2லயும் அப்படித்தான் 3லயும் அப்படித்தான். அதே 7/2ஐ ஒரு சாதா பைதான் ஃபைல்ல எழுதி பைதான் 2ல ஓட்டுனா 3. பைதான் 3ல ஓட்டுனா 3.5. ஒரே வரி, மூணு விடை, எதுலயும் எரர் கிடையாது. நோட்புக்ல மட்டும் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சீங்கன்னா பின்னாடி இருக்கிற ஃபைல்ல மாட்டிக்குவீங்க. டூ-டு-த்ரீ இந்த வகுத்தல் குறியத் தொடவே தொடாது, தொடவும் முடியாது, எழுதுனவன் மனசுல முழு எண் வகுத்தலா பின்ன வகுத்தலான்னு அதுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு நடந்தத சொல்றேன். இலக்கக் கூட்டுத்தொகை கண்டுபிடிக்கிற ஒரு சின்ன ஃபங்ஷன், கடைசி இலக்கத்த எடு, கூட்டு, எண்ண 10ஆல வகு, பூச்சியம் வர்ற வரைக்கும் சுத்து. 1957 குடுத்தா 22 வரணும். தம்பி மாத்துன ஃபைல ஓட்டுனேன், 24.44ன்னு வந்துச்சு. நிக்கல, கத்தல, அமைதியா தப்பு விடை. 1957ஐ வகுத்தா 195.7, அதுல மிச்சம் 5.7, அடுத்து 19.57, மிச்சம் 9.57, அப்புறம் 1.957, 0.1957ன்னு கம்ப்யூட்டருக்கு எண் தேய்ஞ்சு பூச்சியமாகுற வரைக்கும் முந்நூறு தடவைக்கு மேல சுத்தி எல்லாத்தையும் கூட்டிருக்கு. ஒவ்வொரு இலக்கமும் தானும், தன்னுல பத்துல ஒண்ணும், நூறுல ஒண்ணும்னு திரும்பத் திரும்பச் சேருது, பெருக்குத் தொடர், அதனால சரியா 22ஐ 10/9ஆல பெருக்குன எண். இதயே அடுத்த வாரம் படிவம் 6க்குத் தொடர் பாடத்துல கேள்வியா குடுத்தேன், நல்லா யோசிச்சாங்க. ஆனா அதே ஃபங்ஷன் ஒரு புள்ளையோட விடைத்தாள திருத்துற இடத்துல உக்காந்திருந்தா?

ரவுண்ட் இன்னொண்ணு. மார்க் ஷீட் ஃபைல்ல 62.5 எடுத்த புள்ளைக்கு பைதான் 2 குடுத்தது 63, பைதான் 3 குடுக்கிறது 62. 63.5க்கு ரெண்டுமே 64. புதுசுல பாதியா நின்னா பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும், புள்ளிவிவரத்துல அதுக்கு ஞாயம் இருக்கு, ஆனா எங்க ஊர்ல ஒரு புள்ளைக்கு மேல ஏறி இன்னொண்ணுக்குக் கீழ இறங்குனா அம்மா வந்து கேப்பாங்க, கேக்கவும் வேணும். இதையும் எந்த டூலும் சொல்லாது.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. வராத புள்ளைக்கு மார்க் இடத்துல நன் (None)னு போட்டிருந்தேன், பைதான்ல மதிப்பு இல்லைன்னு சொல்ற அந்தச் சொல்லு. பைதான் 2 அத எல்லா எண்ணையும் விடச் சின்னதா எடுத்துக்கிட்டு வரிசைல கடைசில தள்ளிரும். பைதான் 3 டைப்எரர்னு அங்கயே நின்னுருச்சு. மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு, ஆனா யோசிச்சா இதுதான் நல்லது, வராததும் 0 எடுத்ததும் ஒண்ணு இல்லையே. கத்துற தப்ப பத்து நிமிசத்துல சரி பண்ணிரலாம். கத்தாத தப்புதான் கணக்கு மென்பொருளுக்கு எமன்.

அதனாலதான் நான் மூணாவது வழிக்குப் போனேன். ஒரே ஃபைல் பழசுலயும் ஓடணும், புதுசுலயும் ஓடணும், ரெண்டுலயும் ஒரே விடை வரணும், அப்படி வந்த ஃபைல மட்டும் அடுத்த பக்கம் தள்ளணும். பைதான் 2லயே ஃபைல் தலைல எதிர்காலத்துல இருந்து வகுத்தல இறக்குமதி பண்ணுன்னு (from __future__ import division) ஒரு வரி போட்டா பழைய மெஷின்லயே புது வகுத்தல் வந்திரும், பிரிண்ட்டுக்கும் அதே மாதிரி இருக்கு. பைதான் 2.7ஐ -3ங்கிற ஆப்ஷன் போட்டு ஓட்டுனா எந்த வரில முழு எண்ண முழு எண்ணால பழைய முறைல வகுக்கிறேன்னு அதுவே காட்டிக் குடுக்கும், இது பெரிய உதவி. முழு எண் வகுத்தல் வேணும்ங்கிற இடத்துல எல்லாம் // போட்டேன், அது ரெண்டுலயும் ஒண்ணுதான். பேர் மாறுன சாமானுக்கு சிக்ஸ்னு ஒரு சின்ன லைப்ரரி இருக்கு, ரெண்டு தடவ மூணு ஆறுன்னு வச்ச பேரு, எனக்கு ரொம்பப் பிடிச்ச பேரு.

இந்த வழி சேஜ்காரங்களே நடந்த வழி. ஒரு நாள்ல திருப்பிப் போடல, வருசக்கணக்கா ஃபைல் ஃபைலா ரெண்டுலயும் ஓட வச்சு, அப்புறம் 9.0ல வழக்கத்த மாத்தி, ரெண்டு பதிப்பு கழிச்சுத்தான் பழச விட்டாங்க. அவங்ககிட்ட ஒரு நல்ல பழக்கம் இருக்கு, ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளயும் உதாரணமும் அதோட விடையும் எழுதி வைப்பாங்க, மெஷினே அத ஓட்டிச் சரி பாக்கும். அது மட்டும் இல்லைன்னா அவ்வளவு பெரிய மாலைய நூல் மாத்தியிருக்கவே முடியாதுன்னு நெனைக்கிறேன். நானும் 38 ஃபைலுக்கும் உதாரணம் எழுதுனேன், விடைய பழைய புரோகிராம்ல இருந்து எடுக்கல, என் கையெழுத்து நோட்டுல இருந்து எடுத்தேன். நல்லதாப் போச்சு. செம்பனைக் குலை கூலி கணக்குன்னு ஒரு ஃபைல், கிலோவ 1000ஆல வகுத்து டன்னாக்கி கூலி போடுறது, 1750 கிலோ குடுத்தா பழைய பைதான் 1 டன்னுன்னுது. இத்தன வருசமா 2000, 3000ன்னு முழு எண்ணாவே கேள்வி குடுத்ததால தெரியாமலே இருந்திருக்கு. முக்கால் டன் குலை வெட்டுனவன் கூலி காணாமப் போற கணக்க எங்க ஊர் புள்ளைங்களுக்கு நானே குடுத்து வச்சிருந்திருக்கேன். எங்கப்பா செம்பனைல வேலை செஞ்சவர், அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

இந்த வழிலயும் குறை இருக்கு, மறைக்கல. நேரம் ரொம்ப ஆகும், ஒரு ஃபைலுக்கு ஒரு சாயங்காலம் போயிருது. புரோகிராம் பாக்க அசிங்கமா இருக்கும், தலைல நாலு வரி, நடுவுல சிக்ஸ், வாசிக்கிற புள்ளைங்க இது எதுக்கு சார்னு கேக்குறாங்க. கையால மாத்துறப்ப மனுசன் மறப்பான். வரிசைல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஒரே வேலையச் செய்யுற மேப்ங்கிற ஃபங்ஷன் பைதான் 3ல லிஸ்ட் குடுக்காது, ஒரு தடவ நடந்துட்டா தீந்துரும், நான் அதிகபட்ச மார்க்க எடுத்துட்டு அடுத்த வரில கூட்டுத்தொகை கேட்டேன், 0ன்னு வந்துச்சு. டூ-டு-த்ரீ அந்த இடத்த மறக்காம லிஸ்ட் போட்டுச் சுத்தியிருக்கும், அந்த ஒரு விஷயத்துல தம்பி சொன்னதுதான் சரி, அவன்கிட்டயே சொன்னேன். இப்ப மொதல்ல டூல ஓட்டி அது எங்கெல்லாம் கை வைக்கிதுன்னு மட்டும் பாத்துக்கிறேன், மாத்துறது நான்தான்.

சேஜே வேணாம், மேக்ஸிமாவோ, பாரியோட வர்ற ஜிபிங்கிற கணக்கு புரோகிராமோ நேரா கத்துக் குடுங்கன்னும் ஒருத்தர் சொன்னார். அதுங்க பைதான நம்பி இல்லைங்கிறது உண்மைதான், ஆனா புள்ளைங்க யூனிக்குப் போனா பைதான்தான் கேப்பாங்க, அதனால அத விட்டுட்டேன்.

உங்ககிட்ட இருக்கிறது இருபது வரி முப்பது வரி நோட்புக் மட்டும்னா ரெண்டுலயும் ஓட வைக்கிற வேலையே வேணாம், நேரா புதுசுல திறந்து கையால மாத்திருங்க, பின்னம் எல்லாம் சேஜே பாத்துக்கும். பின்னாடி பைதான் ஃபைல் இருக்கு, அத நாலு பேர் எடுத்து ஓட்டுறாங்கன்னா மூணாவது வழிதான், வேற வழி எனக்குத் தெரியல. பழைய சேமிப்பு ஃபைல் இருந்தா டீச்சர் சொன்ன மெஷினையும் தூக்கிப் போட்டுறாதீங்க, அதுல திறந்து எண்ணா எழுத்தா வெளிய எடுத்து வச்சுட்டு அப்புறம் பாத்துக்கலாம்.

38ல 31 முடிஞ்சது. மிச்சம் 7லயும் பழைய ஒப்பிடுற முறை இருக்கு, பெருசா சின்னதா சமமான்னு ஒரே ஃபங்ஷன்ல சொல்றது, அது பைதான் 3ல இல்லவே இல்ல, ஒவ்வொண்ணுக்கும் எது பெருசுன்னு திரும்ப யோசிச்சு எழுதணும், அதனால மெதுவாத்தான் போகுது. அந்தப் பொண்ணோட ஒர்க்‌ஷீட் மொத வாரமே முடிச்சு அனுப்பிட்டேன், போன்லயே ஓட்டிப் பாத்துட்டு விடை ஸ்கிரீன்ஷாட் அனுப்புச்சு.