விம்முக்குள் ஏஐ: கல்முனையிலிருந்து ஒரு நீண்டகாலப் பாவனை அனுபவம்

கோட் எடிட்டருக்குள் ஏஐயைக் கொண்டுவர இன்று எத்தனையோ வழி இருக்கிறது. நான் பிடித்துக்கொண்டிருப்பது அதில் ஆகப் பழைய வழி. விம் என்ற கோட் எடிட்டரில் வேண்டிய வரிகளைத் தெரிவுசெய்து, ஆச்சரியக்குறியைத் தட்டி, வெளியே இருக்கும் ஒரு கட்டளையிடம் கொடுத்துவிடுவேன். அது திருப்பித் தருவது அதே இடத்தில் வந்து உட்காரும். விம்முக்கு முன்னோடியான, பில் ஜோய் எழுதிய வீஐ எடிட்டரின் காலத்து வசதி இது. அன்று வரிகளை அகரவரிசைப்படுத்த 'சோர்ட்'டுக்கு அனுப்பினார்கள், நான் மொழி மொடலுக்கு அனுப்புகிறேன், அவ்வளவுதான்.

அந்தக் கட்டளை, சைமன் வில்லிசன் பைதனில் எழுதிய 'எல்எல்எம்'. ஒரு பக்கம் வரிகளை வாங்கி மறுபக்கம் பதிலைக் கொடுக்கும். கேட்டதையும் வந்த பதிலையும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பொன்றில் சேமித்தும் வைக்கும். போன மாதம் இதே விசயத்தை எப்படிக் கேட்டேன் என்று தேடிப் பார்க்க எனக்கு அது பெரிய உதவி. அடிக்கடி கேட்பவற்றை வார்ப்புருவாகப் பெயரிட்டு வைத்திருக்கிறேன்: கோட் சரியா என்று சோதிக்கும் டெஸ்ட் எழுதுவதற்கு ஒன்று, தரவுத்தளத்திடம் கேட்கும் எஸ்கியூஎல் வினவலை விளக்குவதற்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் விம்மில் ஒரு குறுக்குவிசை.

சொல்ல எளிது, ஆனால் அப்படியே வைத்துப் பாவிக்க முடியாது. முதல் தொல்லை, பதில் வரும்வரை விம் உறைந்து நிற்பது. விம் 8இல், அதாவது 2016இல், வந்த ஜொப் வசதியைப் பிடித்து விம்மின் சொந்த மொழியான விம்ஸ்கிரிப்டில் சின்னதாக ஒன்று எழுதினால் பின்னணியில் ஓடும். விம்மிலிருந்து பிரிந்த நியோவிம்மைப் பாவிப்பவர்களுக்கு லூவா மொழியில் இதே வேலை இன்னும் சுலபம். அடுத்தது, மொடல் கோட்டைச் சுற்றி மூன்று பின்குறிகளும் (```) "இதோ உங்கள் திருத்தப்பட்ட கோட்" என்ற உபசாரமும் வைத்து அனுப்புவது. எல்எல்எம்மில் எக்ஸ் என்ற சுவிட்சைப் போட்டால் உள்ளே இருக்கும் கோட் மட்டும் வரும். மூன்றாவதுதான் பைதன் எழுதுகிறவர்களின் வயிற்றெரிச்சல்: ஒரு செயற்கூற்றின் (ஃபங்ஷனின்) நடுவிலிருந்து நாலு வரியை அனுப்பினால், இடப்பக்க இடைவெளியை முழுக்கத் துடைத்துவிட்டுத் திருப்பித் தரும். பைதனில் அந்த இடைவெளி தவறினால் கோடே பிழைத்துவிடும். அதனால் அனுப்பும் முன் முதல் வரியின் இடைவெளியை எண்ணி வைத்து, வந்ததும் எல்லா வரிக்கும் அதைத் திரும்பச் சேர்க்கிறது என் ஸ்கிரிப்ட். சில வரிகள்தான், ஆனால் முழு ஏற்பாட்டிலும் அதிகம் உழைப்பது அதுதான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வெறும் ஆச்சரியக்குறி முறையில் இன்டர்நெட் அறுந்தால், நீங்கள் தெரிவுசெய்த கோட் இருந்த இடத்தில் பிழைச்செய்தி வந்து குந்திக்கொள்ளும். பதற வேண்டாம், யூ (u) விசையைத் தட்டினால் பழையது திரும்பிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்டும் ரவுட்டரும் சேர்ந்து படுக்கும் ஊரில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் நம்பியிருக்க முடியாது. அதற்காக, மொடலைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டும் ஒல்லாமாவும் லெப்டொப்பில் உண்டு. ஏழு பில்லியன் அளவுருக்கள் உள்ள மொடல் சுருக்கிய வடிவில் ஏறத்தாழ 5 ஜிபி. கிராபிக்ஸ் கார்ட் இல்லாத என் 16 ஜிபி லெப்டொப்பில் அது நடக்கிறது, ஓடுவதில்லை. பற்றரியையும் கண்முன்னே குடிக்கும். எழுத்துக் கோலங்களைத் தேடும் ரெகெக்ஸ் எழுத, செயற்கூற்றுக்கு விளக்கக் குறிப்பு எழுதப் போதும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதில்லை.

சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்கு பில் போடும் மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறேன். அதில் நெல் கொள்வனவுக் கணக்கு எழுதும் பகுதியை ஒரு மொடலிடம் கொடுத்தேன். ஒரு மூடை 50 கிலோ என்று தானாகவே ஒரு மாறிலியை எழுதிப் பெருக்கிவிட்டது. கோட் பார்க்க அத்தனை அழகு, டெஸ்டும் பாஸ். ஆலைக்காரக் காக்காவுக்கு (அண்ணனுக்கு) தராசு காட்டும் எடைதான் கணக்கு, மூடை எண்ணிக்கை வெறும் அடையாளம். தெரிவுசெய்தது பன்னிரண்டு வரி என்பதால் அந்த 50 உடனே கண்ணில் குத்தியது. இதையே பத்துக் கோப்பை ஒரேயடியாகத் திருத்தும் ஏஜென்டிடம் விட்டிருந்தால் பட்டிருக்குமா, சந்தேகம்தான். பெரிய கருவிகளை நான் ஒதுக்குவதற்குக் காரணம் இதுதான், விலையல்ல. நான் காட்டிய வரி மட்டும்தான் வெளியே போகிறது, அதே வரிக்குத்தான் பதில் வருகிறது. விவசாயிகளின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள கோப்பு பக்கத்தில் திறந்திருந்தாலும் அது எங்கும் போவதில்லை.

என்னோடு வேலை செய்யும் காரைதீவுப் பொடியனுக்கு இதில் நம்பிக்கையில்லை. "அண்ணே, டைப் பண்ணப் பண்ண அதுவே எழுதித் தரக்குள்ள, நீங்க ஏன் இப்பிடிக் கஷ்டப்படுறீங்க?" என்பான். புதிதாக ஒரு திட்டத்தைத் தொடங்குகிறவருக்கு அவன் சொல்வது சரி. அந்த வேகம் என் முறையில் வராது. விம் தெரியாதவர் இதற்காக அதைப் படிக்கவும் வேண்டாம். ஈமாக்ஸ் என்ற எடிட்டரைப் பாவிப்பவர்களுக்கு ஜிபிடெல் என்ற நீட்சி இருக்கிறது, கிட்டத்தட்ட இதே குணம்.

செலவு டோக்கன் கணக்கில், டொலரில். டோக்கன் என்பது மொடல் எழுத்தை உடைத்துப் படிக்கும் சிறு துண்டு, உடைப்பது டோக்கனைசர். தமிழில் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், பழைய டோக்கனைசர்கள் அதைத் தூள்தூளாக உடைத்தன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓபன்ஏஐ காட்டிய உதாரணத் தமிழ் வாக்கியம் 116 டோக்கனிலிருந்து 35க்கு இறங்கியிருந்தது. ஆகவே தமிழில் கேட்பதென்றால் புதிய மொடலாகப் பார்த்து எடுங்கள். முற்பணம் போட்டுப் பாவிக்கிற சேவையென்றால், மீதி குறைந்ததும் கார்ட்டிலிருந்து தானாக நிரப்பும் தெரிவு இருக்கிறதா என்று பார்த்து அதை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.