பல டொமைன்களுக்கு கோர்ஸ்: பட்டியலா, பேட்டர்னா?

வேறு டொமைனில் இருக்கும் பக்கம் நம் ஏபிஐயின் பதிலைப் படிக்கலாமா என்று பிரவுசருக்குச் சொல்லும் முறைதான் கோர்ஸ். ஜாவா ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டில் எழுதிய ஏபிஐயைப் பல டொமைன்களுக்குத் திறக்கும்போது, ரெஸ்பான்ஸ் ஹெடரில் எல்லாவற்றையும் காற்புள்ளி போட்டு எழுத முடியாது. அங்கே ஒரே ஒரு ஆரிஜின் (எச்டிடிபி/எச்டிடிபிஎஸ், டொமைன், போர்ட் மூன்றும் சேர்ந்த முகவரி) வரலாம், இல்லையென்றால் 'யாரும் வரலாம்' என்னும் நட்சத்திரக் குறி. ரிக்வெஸ்ட்டில் வந்த ஆரிஜினைச் சரிபார்த்து, அதையே திருப்பி எழுதுவது ஸ்பிரிங்கின் வேலை. எதை வைத்துச் சரிபார்ப்பது என்பதுதான் நம் கேள்வி.

'அலவ்டு ஆரிஜின்ஸ்' என்பது நேரடிப் பட்டியல். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் வேறு வேறு. போர்ட் மாறினாலும் வேறு. குக்கீயையும் அனுமதித்துவிட்டு இதில் வெறும் நட்சத்திரக் குறி போட்டால், ஸ்பிரிங் 5.3 முதல் எக்ஸெப்ஷன் வரும்.

அதே 5.3-இல் வந்ததுதான் 'அலவ்டு ஆரிஜின் பேட்டர்ன்ஸ்'. இதில் முழு முகவரிக்குப் பதில், நட்சத்திரக் குறி வைத்த பேட்டர்ன் எழுதலாம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு சப்டொமைன் என்றால் இதுதான் வசதி. ஆனால் புள்ளியைக் கவனியுங்கள். '*.கடை.காம்' என்பதற்குப் பதில் '*கடை.காம்' என்று எழுதினால் 'திருட்டுக்கடை.காம்' கூட உள்ளே வந்துவிடும், அதுவும் பயனரின் குக்கீயோடு. புள்ளியோடு சரியாக எழுதினால் வெறும் 'கடை.காம்' பொருந்தாது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். குக்கீ இருக்கும் இடத்தில் வெறும் நட்சத்திரத்தைப் பேட்டர்னாகப் போட்டு எக்ஸெப்ஷனை மட்டும் ஒழிப்பது ரொம்ப ஆபத்து.

டொமைன்கள் எண்ணக்கூடிய அளவில் இருந்தால் நான் பட்டியலைத்தான் சொல்வேன். கன்ஃபிக் ஃபைலில் வைத்தால் மாற்றுவதும் எளிது. அப்புறம், ஸ்பிரிங் செக்யூரிட்டி இருந்தால் அதிலும் கோர்ஸை இயக்குங்கள். இல்லாவிட்டால், நிஜ ரிக்வெஸ்ட்டுக்கு முன் அனுமதி கேட்டு பிரவுசர் அனுப்பும் ப்ரீஃப்ளைட், லாகின் விவரம் இல்லாமல் வருவதால் 401 (லாகின் தேவை என்ற பிழை) வாங்கித் திரும்பிவிடும்.