நூலகச் செயற்கூறை உரசிப் பார்க்க: நோடா, டீனோவா, டிஎஸ்-நோடா?

புதிய நிரல் நூலகம் ஒன்றின் செயற்கூறு (ஃபங்ஷன்) நாம் நினைத்தபடி நடக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தனிக் கோப்புறை திறந்து, பேக்கேஜை நிறுவி, கோப்பு எழுதி ஓட்டுவது சலிப்பான வேலை. ஆகவே, டெர்மினலில் வரிக்கு வரி விடை சொல்லும் ரெப்பல் கருவிகளை, ஐயம் எழுந்ததற்கும் விடை கிடைப்பதற்கும் இடையே எத்தனை படிகள் என்ற ஒரே கணக்கில்தான் எடைபோடுகிறேன்.

ஜாவாஸ்கிரிப்ட் நிரலை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட், நிரலரின் கணினியில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அதுவே அதன் பெரும்பலம். பதிப்பு 16 முதல் விடை வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட்டை நேரடியாகவே எழுதலாம். ஆனால் பேக்கேஜை முன்பே நிறுவியிருக்க வேண்டும். நூலகத்தை உள்ளே அழைக்கும் வழக்கமான இம்போர்ட் வரியையும் அதன் ரெப்பல் ஏற்பதில்லை. பதிப்பு 23.6 முதல் டைப்ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டோடு டைப், அதாவது தரவு வகை, சேர்ந்த மொழி) கோப்புகளை இயல்பாகவே ஓட்டினாலும், ரெப்பலுக்குள் டைப்ஸ்கிரிப்ட் எழுத்து செல்லாது.

நோடைப் போலவே நிரல் ஓட்டும் இன்னொரு கருவியான டீனோவில் இந்தத் தடைகள் இல்லை. இம்போர்ட் வரியில் பேக்கேஜின் பெயருக்கு முன் 'என்பிஎம்' (பேக்கேஜ்கள் இருக்கும் பொதுக் களஞ்சியத்தின் பெயர்) என்ற முன்னொட்டும் முக்காற்புள்ளியும் இட்டால், அதுவே இறக்கிக்கொள்ளும். தேதிகளைக் கையாளும் டேட்-எஃப்என்எஸ் நூலகத்தின் மாதம் கூட்டும் செயற்கூறுக்கு 2025 ஜனவரி 31-ஐயும் 1-ஐயும் கொடுத்துப் பார்க்கலாம். மாதத்தை மாற்றும் ஜாவாஸ்கிரிப்டின் சொந்த செட்மன்த் மார்ச் 3-க்குத் தாவிவிடும் இடத்தில், இது பிப்ரவரி 28-இல் நின்றுவிடும். ஆனால் திரையில் தெரிவது 27, 18:30! இந்திய நள்ளிரவை ரெப்பல் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) அச்சிடுவதால் வரும் மயக்கம் இது. நோடிலும் இதே கதைதான். நூலகத்தைக் குறை சொல்லுமுன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

டீனோ ரெப்பலின் குறை வேறு: அது டைப்புகளைச் சரிபார்ப்பதில்லை. மேற்கண்ட 1-ஐ மேற்கோளுக்குள் சரமாக (எழுத்துத் தொடராக) கொடுத்தாலும் டைப் பிழை எதுவும் காட்டாமல் ஓட்டிவிடும். நோடில் டைப்ஸ்கிரிப்டை ஓட்ட உதவும் டிஎஸ்-நோடோ அதே வரியை ஓட்டாமல் நிறுத்தி, எண் வர வேண்டிய இடத்தில் சரம் வந்திருக்கிறது என்று காட்டும். புள்ளி வைத்து டைப் என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒரு கோவையின் (எக்ஸ்பிரஷனின்) டைப்பையும் சொல்லும். சரிபார்ப்புக்கு ஆகும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். செயற்கூறின் விடையைவிட அதன் டைப் வரையறையிலேயே ஐயம் என்றால் என் தேர்வு இதுதான். மற்றபடி, முன்பின் தெரியாத நூலகத்துக்கு டீனோ.

நிரலை வேகமாக மாற்றித்தரும் இஎஸ்பில்டின் மேல் கட்டப்பட்ட டிஎஸ்எக்ஸ், டைப்ஸ்கிரிப்டை ஓட்டும் இன்னொரு கருவி; வேகமானது, ஆனால் அதுவும் டைப்புகளைச் சரிபார்ப்பதில்லை. நம் திட்டத்தின் சொந்த நிரலைச் சிறு கோப்பாக எழுதி ஓட்டும்போது அது கைகொடுக்கும்: டைப்ஸ்கிரிப்டின் அமைப்புக் கோப்பான டிஎஸ்கான்ஃபிகில் வைத்த பாதைச் சுருக்கங்களை அது தானே புரிந்துகொள்ளும், டிஎஸ்-நோடுக்கு அதற்கென்று இன்னொரு பேக்கேஜ் வேண்டும்.