டெஃப்லான் திருகு வைத்த பிரிபுனல்: பல வருடப் பழக்கத்தில் சொல்வது

சிங்கப்பூரில் ஒரு கரிம வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். வினை முடிந்த கலவையைக் கரைப்பான் விட்டுக் குலுக்கிப் பிரிப்பது அன்றாட வேலை. அதற்கு டெஃப்லான் திருகு வைத்த 250 மில்லி பிரிபுனல்தான் (கலவாத இரண்டு திரவ அடுக்குகளை அடியிலுள்ள திருகைத் திறந்து தனித்தனியாக இறக்கும் கண்ணாடிப் புனல்) பல வருடங்களாகத் துணை. புதிதாக வாங்குபவர்கள் கண்ணாடித் திருகு பக்கம் போகவே வேண்டாம் என்பேன்.

கண்ணாடித் திருகு ஒழுகாமலிருக்க கிரீஸ் தடவ வேண்டும். ஈதரோ டைகுளோரோமீத்தேனோ போன்ற கரைப்பான் அதைத் தாண்டி இறங்கும்போது கிரீஸையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகும். அப்புறம் பொருள் சுத்தமா என்று பார்க்க என்எம்ஆர் நிறமாலை எடுத்தால், அதன் அளவுகோலில் 0.07 பிபிஎம் பக்கத்தில் சிலிக்கோன் கிரீஸ் தலைகாட்டும். சோடியம் ஹைட்ராக்சைடு காய்ந்துவிட்டாலோ திருகு அப்படியே இறுகிவிடும். டெஃப்லானில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

ஆனால் சூடு அதற்கு ஆகாது. கண்ணாடியைவிடப் பல மடங்கு விரிவடையும். திருகைக் கழற்றாமல் உலர்த்தும் அடுப்பில் வைத்தால் வடிவம் கெட்டு ஒழுகும். கழுவியதும் கழற்றித் தனியாக உலர்த்துங்கள்; எடுத்து வைக்கும்போது மரையைத் தளர்த்தி விடுங்கள். கலவையை ஊற்றுமுன் கொஞ்சம் கரைப்பான் விட்டு ஒழுகல் பார்ப்பது கட்டாயம்.

250 மில்லி போதுமா என்றால், தாராளமாகப் போதும். ஒரு பொருள் தண்ணீரைவிடக் கரைப்பானில் நான்கு மடங்கு நன்றாகக் கரைகிறது என்று வையுங்கள். 100 மில்லி நீர்க்கரைசலில் 100 மில்லி கரைப்பானை ஒரேயடியாக ஊற்றிப் பிரித்தால் 20 சதவீதம் தண்ணீரிலேயே தங்கும். அதையே 50 மில்லியாக இரண்டு முறை செய்தால் மிஞ்சுவது 11 சதவீதம்தான். பெரிய புனலைவிடப் பொறுமைக்கே பலன் அதிகம்.

நம் ஊர் வெயிலில் வெளியே 32 டிகிரி சாதாரணம். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. உள்ளங்கைச் சூடே அது ஆவியாகிப் புனலுக்குள் அழுத்தம் ஏறப் போதும். அதனால் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மெதுவாக ஒரு சுற்று, தலைகீழாகப் பிடித்து, முனையை ஃப்யூம் ஹூட்டின் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) உட்பக்கம் திருப்பி, திருகைத் திறந்து ஆவியை விடு. அமிலம் மிஞ்சிய கலவையை பைகார்பனேட் விட்டுக் கழுவும்போது, நுரை அடங்கிய பிறகுதான் மூடி போட வேண்டும்.

பால்போல் கலங்கி அடுக்கு பிரியாவிட்டால் செறிந்த உப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்துக் காத்திருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

வாங்கும்போதே உதிரித் திருகும் வளையமும் அதே அளவில் சேர்த்து வாங்கிவிடுங்கள். கண்ணாடிக்கு முன்னால் தேய்வது அவைதான்.