லக்சம்பர்க்கா, பிரஸ்ஸல்ஸா: ஐரோப்பியச் சட்ட இன்டர்ன்ஷிப்புக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப் தேடினால் கண்ணில் முதலில் படும் இடங்கள் இரண்டு: லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், பிரஸ்ஸல்ஸில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் நடத்தும் புளூ புக் என்ற பயிற்சித் திட்டம். இரண்டும் ஐந்து மாதம். இரண்டிலும் உதவித்தொகை உண்டு, பட்டமும் கையில் இருக்க வேண்டும். சட்ட ஆராய்ச்சிதான் குறி என்றால் என் ஓட்டு லக்சம்பர்க்குக்கு.

புளூ புக்கில் விண்ணப்பம் ஆணையத்துக்குத்தான் போகிறது, அதன் சட்டப் பிரிவுக்கு அல்ல. முதல் கட்டத்தில் தேறியவர்கள் ஒரு பொதுப் பட்டியலில் ஏறுவார்கள். துறைகள் அதிலிருந்து ஆளைப் பொறுக்கிக்கொள்ளும். சட்டப் பிரிவை விருப்பமாகக் குறித்தவர் வேளாண் துறையில் போய் உட்கார நேரலாம். அங்கே கிடைப்பது சட்ட வேலையா, கூட்டக் குறிப்பு எழுதுவதா என்பது வாய்க்கிற குழுவைப் பொறுத்தது, பொதுவாகச் சொல்வதற்கில்லை. ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு இடங்களும் குறைவு.

லக்சம்பர்க்கில் உங்களைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ஒரு நீதிபதியின் அலுவலகம். அங்கே அதற்குப் பெயர் கேபினெட். நீதிமன்றத்துக்கு இரண்டு அடுக்குகள்: மேல் அமர்வில் 27 நீதிபதிகள், 11 அட்வகேட் ஜெனரல்கள்; அதற்குக் கீழே உள்ள பொது நீதிமன்றத்தில் 54 நீதிபதிகள். ஆளுக்கொரு கேபினெட். இவை போக, உறுப்பு நாடுகளின் சட்டங்களை ஒப்பிட்டு நீதிபதிகளுக்குக் குறிப்பு தயாரிக்கும் ஆராய்ச்சி, ஆவணப் பிரிவும் இருக்கிறது. கலப்படமில்லாத ஆராய்ச்சி வேண்டுபவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

முடிவைத் தீர்மானிப்பது பிரெஞ்சு. நீதிமன்றத்துக்குள் வேலை நடக்கும் மொழி அது. பிற மொழிகளில் வரும் மனுக்கள் பிரெஞ்சுக்குப் போகும். நீதிபதியின் முன்னறிக்கையும் தீர்ப்பின் வரைவும் பிரெஞ்சில் எழுதப்படும். நீதிபதிகளின் கலந்தாய்வு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அதிலேயே நடக்கும். எனவே கேபினெட்டில் முதல் நாளே பிரெஞ்சுக் கோப்பு மேசைக்கு வரும். சிவியில் பி2 (ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் நடுத்தரத்துக்குச் சற்று மேல்) என்று போட்டுவிட்டு, தீர்ப்பின் ஒரு பத்தியைப் படிக்க அரை மணி நேரம் எடுப்பவர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார். விண்ணப்பிக்கும் முன் ஒரு சோதனை: ஒரு தீர்ப்பின் பிரெஞ்சு வடிவத்தில் பத்துப் பத்திகளை அகராதி இல்லாமல் படித்து, ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதிப் பாருங்கள். முடியவில்லை என்றால் இந்த ஆண்டு புளூ புக்கே மேல். அங்கே ஆங்கிலத்தை வைத்து ஓட்டிவிடலாம்.

பிரெஞ்சு சுமார்தான், ஆனால் லக்சம்பர்க்கை விட மனமில்லை என்பவர்களுக்கு அட்வகேட் ஜெனரல் கேபினெட்டுகள் சற்று இணக்கமானவை. கருத்துரையை அவர் தம் மொழியிலோ ஆங்கிலம் போன்ற ஒரு பெருமொழியிலோ எழுதலாம். (நம்மூர் அட்வகேட் ஜெனரல் அரசுக்காக வாதாடுபவர். இவர் எந்தத் தரப்புக்கும் அல்ல, நீதிமன்றத்துக்குத் தன் சுதந்திரமான கருத்தைத் தருபவர்.)

கடிதத்தில் "ஐரோப்பிய ஒருங்கிணைப்பில் ஆர்வம்" என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ஒரு வழக்கை எடுத்து, அட்வகேட் ஜெனரலும் நீதிமன்றமும் பிரிந்த இடத்தைக் காட்டுங்கள். சி-311/18, இரண்டாம் ஷ்ரெம்ஸ் வழக்கு, நல்ல உதாரணம். ஒன்றியத்திலிருந்து அமெரிக்காவுக்குத் தனிநபர் தரவை அனுப்ப வழிசெய்த பிரைவசி ஷீல்ட் ஏற்பாடு செல்லுமா என்று இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை என்பது 2019 டிசம்பரில் வந்த கருத்துரை. 2020 ஜூலை 16 அன்று நீதிமன்றம் அதைச் செல்லாது என்றே அறிவித்துவிட்டது. ஏன் அந்தக் கேள்வியைத் தொட வேண்டியிருந்தது என்று ஐந்து வரியில் சொல்ல முடிந்தால் போதும். வழக்கு எண்ணின் முன்னெழுத்திலும் கவனம் வேண்டும்: "சி" மேல் அமர்வு, "டி" பொது நீதிமன்றம். பொது நீதிமன்றத்துக்கு எழுதுபவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும்: 2024 அக்டோபர் 1 முதல் வாட் வரி, சுங்கம், பயணிகள் இழப்பீடு உள்ளிட்ட ஆறு துறைகளில் ஒன்றியச் சட்டத்துக்கு விளக்கம் கேட்டு உறுப்பு நாட்டு நீதிமன்றங்கள் அனுப்பும் கேள்விகளும் அங்கே வருகின்றன. போட்டிச் சட்டம், வணிகக்குறி என்று மட்டும் எழுதும் கடிதம் பழைய கடிதம்.

லக்சம்பர்க்கில் மார்ச்சில் தொடங்கும் பருவத்துக்கு ஜூலை 1 முதல் செப்டம்பர் 15 வரையும், செப்டம்பர் பருவத்துக்கு பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 15 வரையும் ஈயூ சிவி ஆன்லைன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். அந்தந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் இருந்து பார்க்க ஆசைப்படுபவர்கள் வரிசையை மாற்றிவிடக் கூடாது: முதலில் புளூ புக், பிறகு லக்சம்பர்க். ஒன்றிய நிறுவனம் எதிலாவது ஆறு வாரத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்குப் புளூ புக் கிடையாது. லக்சம்பர்க்கின் ஐந்து மாதமும் அந்தக் கணக்கில் சேரும்.